ஹனோக் பார்த்த கண்ணோடு திராய்மடுவுக்கும் வாங்க

சியோலின் புக்சொன் ஹனோக் கிராமத்துப் படங்களால் எங்கட போன் நிரம்பிக் கிடக்கு. வளைந்த ஓட்டுக் கூரை, மரக் கதவு, வாடகைக்கு எடுத்த உடுப்பு. வடிவுதான், மறுக்கேல்ல. ஆனால் "மட்டக்களப்பு வாவிக் கரையிலயும் நாலு மண்வீடு கட்டி, கிடுகு வேய்ஞ்சு, டிக்கெட் போட்டா என்ன?" எண்டு கேட்கேக்கதான் எங்களுக்குக் கோபம் வருது.

புக்சொன் நூதனசாலை இல்லை, சனம் குடியிருக்கிற இடம். வாசலில் வந்து நிண்டு படமெடுக்கிறவர்களின் தொல்லை தாங்காமல், 2024 நவம்பரில் இருந்து சில தெருக்களுக்குள் மாலை 5 மணி தொடக்கம் மறுநாள் காலை 10 மணி வரை சுற்றுலாக்காரர் போகக்கூடாது என்று விதி போட்டார்கள். இதைப் படம் போட்டவர்கள் யாரும் எழுதேல்ல.

அதை விடுங்க. வீட்டைப் பாதுகாக்கிறது என்றால் எதைப் பாதுகாக்கிறது? கூரையையா? பழைய பெரிய ஹனோக்கில் ஆண்களுக்கு வெளிக்கட்டு, பெண்களுக்கு உள்கட்டு. எங்கட பக்கத்தில் வீடே பொம்பிளைக்குத்தான். மகள் கலியாணம் முடிச்சால் வீடும் வளவும் அவளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒண்டுதான். சீதனம் என்ற பேரில் தாய் தகப்பனைக் கடனாளியாக்கிறதும் இதே வழக்கம்தான், அதுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கேல்ல. ஆனால் அடிக்கிற புருசனிடம் "இது என்ட வீடு, வெளிய போ" எண்டு சொல்ல அவளுக்குக் காலுக்குக் கீழே சொந்த மண் இருந்தது.

2004 டிசம்பர் 26 நாவலடியைக் கடல் கொண்டுபோனது. அந்தச் சனத்தைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். மறுகா மாவட்டம் முழுக்க வந்த வீட்டுத் திட்டங்களின் படிவங்களில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு சொல். தலைவர் எண்டால் ஆம்பிளைதான் என்று கந்தோர்கள் விளங்கிக்கொண்டன. அரச காணிக்கான 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் வாரிசுரிமையில் ஆணுக்கே முதலிடம் கொடுத்திருந்தது. அதைத் திருத்த 2022 ஆனது. தாய்வழி வந்த வளவு போய், பதிலாகக் கிடைத்த கல்வீடு எத்தனையோ இடத்தில் புருசன் பேரில். இருவர் பேரிலும் எழுதுங்கள் என்று பெண்கள் அமைப்புகள் அலைந்ததுதான் மிச்சம்.

கிடுகு ஒண்டும் அழியேல்ல, சுற்றுலா விடுதிகளில் நல்ல விலைக்குப் போகுது. அழிஞ்சது உறுதியில் இருந்த அவளுடைய பேர். மரபுக் கிராமத்துக்குக் காசு தேடுறவர்கள் ஒருக்கா திராய்மடுவுக்கு வாங்க. கூரையைப் படமெடுக்க முதல் அங்க இருக்கிற அம்மம்மாமாரிடம் கேளுங்க: உங்கட பழைய வளவு ஆர் பேரில இருந்தது, இந்த வீடு ஆர் பேரில இருக்கு?