ஆபத்துக்கு உதவும் விசை

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கும் வேளையில்தான் கணினி உறைந்து நிற்கும். சுட்டி நகராது, எந்த விசைக்கும் விடை வராது. அப்போது நம்மிற் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: மின்பொத்தானை அழுத்திப் பிடித்து இயந்திரத்தின் மூச்சை நிறுத்திவிடுவது. லினக்ஸ் கணினி வைத்திருப்போர்க்கு இதனினும் நல்ல வழி உண்டு. அவ்வழி பாதி அடைக்கப்பட்டே நம் கைக்கு வருகிறது. சொந்தக் கணினியில் அதைத் திறந்து வைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

'பிரிண்ட் ஸ்கிரீன்' விசைக்குப் பல விசைப்பலகைகளில் 'சிஸ்ஆர்க்யூ' என்று மற்றொரு பெயரும் உண்டு. 1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஏ.டி. கணினியோடு தந்த விசை அது. ஆல்ட் விசையோடு அதனை அழுத்திக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால், கட்டளை மற்ற நிரல்களை நாடாமல் நேரே லினக்ஸின் கருவாகிய கெர்னலுக்குச் செல்லும். கெர்னலே செயலற்றுப் போனாலன்றி அது நிறைவேறும்.

'ஆர்' என்பது விசைப்பலகையைத் திரையை ஆளும் நிரலின் பிடியிலிருந்து மீட்கும். 'இ' எல்லா நிரல்களையும் முறையாக முடித்துக்கொள்ளச் சொல்லும். 'ஐ' அதற்கும் அடங்காதவற்றை வலிந்து முடிக்கும். 'எஸ்' வட்டுக்குப் போக வேண்டி நினைவகத்தில் காத்திருப்பதை எழுதச் செய்யும். 'யு' வட்டினைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக மாற்றும். 'பி' கணினியை மீண்டும் தொடங்கும். சில நொடி இடைவெளி விட்டு இவ்வரிசையில் தட்டினால் கோப்புகள் சிதையும் வாய்ப்புக் குறையும். நினைவகம் நிரம்பியதே உறைவுக்குக் காரணமாயின், 'எஃப்' ஒன்றே போதும். நினைவகத்தை மிகுதியாக விழுங்கும் நிரலைக் கெர்னல் தேர்ந்து வீழ்த்தும், மற்றவை பிழைக்கும்.

இவற்றுள் எவை இயங்கலாம் என்பதை ஓர் எண் முடிவு செய்கிறது. 0 என்றால் எதுவும் இயங்காது. 1 என்றால் அனைத்தும் இயங்கும். மற்றபடி ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உபுண்டு 176 என வைத்து வழங்குகிறது. அதாவது 16, 32, 128: எழுது, பூட்டு, மீண்டும் தொடங்கு. நிரல்களுக்கு ஆணையிடும் 64 அதில் இல்லை. ஆகவே 'இ', 'ஐ', 'எஃப்' மூன்றும் ஊமை. நாம் சேமிக்காத பக்கங்களை 'எஸ்' காப்பாற்றாது. 'இ' தரும் அவகாசத்தில் நிரல் தானே சேமித்தால்தான் உண்டு. நமக்கு மிகவும் வேண்டியதே அடைபட்டுக் கிடக்கிறது!

அடைத்தவர்கள் அறியாமல் அடைத்தார்களா? இல்லை. நிரல்களைக் கொல்லும் உரிமை விசைப்பலகையைத் தொடும் எவர்க்கும் கிடைத்தால், பூட்டிய திரையைக் காக்கும் நிரலையும் ஒருவன் வீழ்த்த முயலலாம். பலர் வந்து போகும் ஆய்வகத்தில் இது சிறு அச்சமன்று. ஆங்கே 176 இருக்கட்டும். நம் அறையில் நாம் ஒருவரே ஆளும் கணினிக்கு அதே விலங்கு எதற்கு?

எனினும் 1 என்று வைக்கச் சொல்லேன். கணினியை வேண்டுமென்றே வீழ்த்தும் 'சி' கட்டளையும் அதனுள் அடங்கும். நமக்கு அது வேண்டா. 176-உடன் 'ஆர்' கட்டளைக்குரிய 4, நிரல்களுக்குரிய 64 இரண்டையும் கூட்டினால் 244. 'சிஸ்சிடிஎல்' அமைப்புக் கோப்பில், நிருவாகி உரிமையோடு, 'கெர்னல்.சிஸ்ஆர்க்யூ' என்பதன் மதிப்பாக அதனை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் அது நடப்புக்கு வரும்.

நண்பர்களே, தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவதில் பயனில்லை. கணினி நலமாயிருக்கும் இன்றே விசை எங்கே உள்ளதெனத் தேடுங்கள். சில மடிக்கணினிகளில் 'எஃப்என்' விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். தீங்கற்ற 'எஸ்' கட்டளையை ஒரு முறை தட்டிப் பழகுங்கள். மூல நிரலை எல்லோர்க்கும் திறந்து வைத்திருக்கும் கெர்னல் இது. அதன் பயனை அடைபட்டபடியே விட்டுவைப்பது மாணவர்க்கு அழகன்று.