மனப்பாடம் போதுமா?

ஹைதராபாத்தில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதும், கச்சிபௌலியில் ஐ.ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டதும் 1998-ம் ஆண்டில்தான். அதன் பின்னர், இந்நகரில் பிழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்கப் பெரிதும் ஆர்வம் காட்டி வருகின்றனர். நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் செலுத்துவோர் உண்டு; அதற்கு மேல் அமீர்பேட்டைப் பயிற்சி நிலையங்களுக்கும் பணம் கட்டுவோர் உண்டு.

இவ்வளவு செலவுக்கும் மாணவன் பெறுவது என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஒரு வேலையைப் பிழையின்றியும் விரைவாகவும் முடிக்கும் வழியை வகுக்கக் கற்பிப்பது 'அல்காரிதம்' பாடம். பல கல்லூரிகளில் அது பரீட்சைக்கும் இண்டர்வியூவுக்கும் உருப்போடும் பாடமாகிவிட்டது.

ஆபீஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இப்பாடம் புதிதல்ல. அகர வரிசையில் உள்ள 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் 10 லட்சம் முறையும் பார்க்க நேரலாம். நடுவில் திறந்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் 20 முறைக்குள் முடிந்துவிடும். வரிசை குலைந்திருந்தால் என்ன செய்வது? நாள்தோறும் புதுப் பெயர்கள் சேர்ந்தால்? இவற்றை மாணவன் காகிதத்தில் போட்டுப் பார்த்து, தானே வழி காணச் செய்வதுதான் போதனை. விடையை முன்னதாகவே கரும்பலகையில் எழுதிவிட்டால் சிந்தனைக்கு இடமேது?

இதே தேடும் முறையின் ஜாவா புரோகிராமில் ஒரு பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது 2006-ல் வெளிப்பட்டது. பட்டியல் மிகப் பெரிதானால், நடு இடத்தைக் காணக் கூட்டும் தொகை அங்கே ஏற்கக்கூடிய எண்ணை மீறிவிடும். வல்லுநர்கள் கண்ணுக்கே தப்பியது, பார்த்து எழுதும் மாணவனுக்கு எப்படிப் புலப்படும்?

கம்ப்யூட்டர் மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். கேட்ட புரோகிராமை இயந்திரமே எழுதித் தரும் காலமும் வந்துவிட்டது. எழுதப்பட்டது சரிதானா, பெரிய அளவுக்குத் தாங்குமா என்று கண்டறியும் திறமைக்கே இனி மதிப்பு இருக்கும்.

சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்தின் அல்காரிதம் பாடங்களை என்.பி.டி.இ.எல். மூலம் ஆங்கிலத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது. கல்லூரிகளும் "முறையை எழுதுக" என்று கேட்பதோடு நில்லாமல், "ஏன் இந்த முறை?" என்று கேட்கும் வினாத்தாளுக்கு மாற வேண்டும். அடகு வைத்த நகைக்கு ஈடாகப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது அந்தத் தெளிவுதான்.