ஆயியின் குளமும் நம் கடனும்

புதுவைக்கு வருவோர் எவரும் பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெண்ணிற மண்டபத்தைக் காணாது செல்லார். அதுவே ஆயி மண்டபம். புதுவை அரசாங்கத்தின் இலச்சினையிலும் அதுவே விளங்குகின்றது. ஆயின், அம்மண்டபம் எதன்பொருட்டு எழுந்தது என்று வினவின், விடை கூற வல்லார் நம்முள் சிலரே.

ஆயி என்பாள் முத்திரையர்பாளையத்தில் வாழ்ந்த ஒரு கணிகை. அவ்வழியே வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் திகழ்ந்த அவள் மாளிகையைக் கோயிலென மயங்கிக் கைகூப்பினார் என்றும், உண்மை அறிந்ததும் வெகுண்டு அதனை இடிக்குமாறு பணித்தார் என்றும் செவிவழிக் கதை கூறும். ஆயி தன் இல்லத்தைத் தானே இடித்து, அவ்விடத்தில் ஊரார்க்கு ஒரு குளம் தொட்டாளாம். பின்னர், 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பிரெஞ்சுக்காரர் முத்திரையர்பாளையத்தினின்று நகருக்கு நீர் கொணர்ந்து, அதன் நினைவாக மண்டபம் எடுத்தனர். கதையிற் கற்பனை எவ்வளவு கலந்திருப்பினும், அவ்வூர் நீரால் நகரம் தாகந் தணிந்தது மெய்.

மண்டபத்தைப் போற்றுகின்றோம், நீர்நிலையைப் போற்றுகின்றோமா? புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உண்டென்பர். அவற்றுட் பெரியது ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. முன்னது சங்கராபரணியாற்று நீரையும் பின்னது தென்பெண்ணையாற்று நீரையும் வாய்க்கால் வழியே பெறுவன. முற்காலத்தில் மழைக்கு முன்னரே ஊரார் கூடி வாய்க்காலைத் தூர் வாரினர், மதகினைச் செப்பனிட்டனர். ஏரி வறண்டால் தம் வயலும் வறளும் என்பதை அவர்கள் அறிவர். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அவ்வச்சம் ஒழிந்தது. அச்சத்தோடு அக்கறையும் ஒழிந்தது.

‘குழாயைத் திருகினால் நீர் வருகின்றதே; ஏரி எதற்கு?’ என்பார் உளர். அக்குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீரே. ஏரியில் தேங்கி மண்ணுட் கசிந்த நீரே கிணற்றில் ஊறுகின்றது. ஊறுவதினும் மிகுதியாக இறைப்பின், கடலோர ஊராகிய நமக்கு வறட்சி மட்டுமன்று, உப்பும் வந்து சேரும். கடல்நீர் நிலத்தடியே உட்புகுந்தபின் அதனை வெளியேற்றுதல் அரிதினும் அரிது.

ஈண்டு நீலகிரியை ஒப்புநோக்குவோம். அங்குக் குடியேறிய ஐரோப்பியர், தூண்டிலிட்டுப் பொழுதுபோக்கும் பொருட்டு டிரவுட் என்னும் மீனைக் கொணர்ந்தனர். குளிர்ந்து தெளிந்த நீரிலன்றி அம்மீன் வாழாது. 1907இல் அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தனர். அதற்கு முன்னரே, 1879இல், அம்மலையின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சென்னை அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அன்னியர்தம் பொழுதுபோக்கை நாம் புகழ வேண்டுவதில்லை. அவர்தம் விழிப்பைக் கற்கலாம். சிலருடைய விளையாட்டின் பொருட்டு இத்துணைக் காவல் இயலுமாயின், ஒரு நகரத்தின் குடிநீருக்கு ஏன் இயலாது?

2008இல் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது நற்செய்தியே. ஆயினும், கரைக்குள் நிற்கும் நீர் மட்டும் ஏரியன்று. அதற்கு நீர் கொணரும் வாய்க்காலும் ஏரியே. வாய்க்கால் தூர்ந்தால் பறவைக்கும் நீரில்லை, நமக்கும் இல்லை.

குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்திய புறப்பாட்டினைத் தேர்வுக்கென நெட்டுருச் செய்கின்றோம். தேர்வு முடிந்ததும் ஏரிக்கரையில் குப்பை எறிந்து வருவோமாயின் அக்கல்வியாற் பயன் என்னை? ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு நாளேனும் நாம் மண்வெட்டி ஏந்தி ஒரு வாய்க்காலைத் துப்புரவு செய்வோமாக. ஆயி தன் வீட்டையே கொடுத்தாள். நம்மைக் கேட்பது ஒரு நாள் உழைப்பே.