வறுமையை அளக்கும் கோல் யாரிடம் உள்ளது?

வறுமையையும் ஏற்றத்தாழ்வையும் குறைக்க வேண்டுமென்ற வேட்கையுடன் பொதுக்கொள்கையைப் பட்டப்பின் படிப்பாகத் தெரிவு செய்யும் இளைஞர், யுவதிகள் தமிழ்பேசும் மக்கள் மத்தியிலும் உள்ளனர். ஆயினும் அவர்களது ஆய்வேடுகள் பெரும்பாலும் நூலகத் தட்டுகளில் உறங்க, வறியவர் யாரென்பதைக் கொழும்பில் தயாராகும் வினாக்கொத்தே தீர்மானிக்கின்றது.

1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும எனத் திட்டங்களின் பெயர்கள் மாறி வந்துள்ளன. கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலைமை முதலானவை தொடர்பான 22 குறிகாட்டிகளைக் கொண்டு பயனாளிகளைத் தெரிவு செய்ய முற்பட்டமை அஸ்வெசுமவின் புதுமையாகும். அரசியல்வாதியின் சிபாரிசுக்குப் பதிலாக அளவுகோல் ஒன்று வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் முதற்பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன.

இதில் வியப்பில்லை. யுத்தத்தின் பின்னர் வன்னியில் உதவித்திட்டத்தின் கீழ் கல்வீடு பெற்ற ஒரு விதவைத் தாயை எடுத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் அவருக்குச் சாதகமாகப் பதிவாகும். உழைப்பவர் எவருமில்லாத அடுப்பங்கரையை அவை காட்டுமா? பெருந்தோட்டத்தில் ஒரே லயன் அறையில் இரண்டு, மூன்று குடும்பங்கள் ஒடுங்கி வாழ்கின்றன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பதிவு ஓரிடம், வாழ்வு வேறிடம். இவற்றைக் கிராம உத்தியோகத்தர் அறிவார், படிவம் அறியாது.

2019 இல் தேசிய வறுமை வீதம் 14.3 எனக் கணிக்கப்பட்டபோது பெருந்தோட்டத் துறையில் அது 33.8 ஆகவும், முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5 ஆகவும் இருந்தது. பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது! தேசிய சராசரியை மட்டும் நோக்குவோருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

1997 இல் மெக்சிக்கோ வறிய குடும்பங்களுக்கான 'புரோகிரெசா' திட்டத்தை ஆரம்பித்தபோது, ஆய்வுக்கெடுத்த 506 கிராமங்களுள் 320 இல் முதலில் உதவி வழங்கி, ஏனையவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தது. பெறுபேறுகள் கையில் இருந்தமையால், 2000 இல் ஆட்சி மாறியும் திட்டம் கைவிடப்படவில்லை, விரிவாக்கப்பட்டது. இங்கோ நாடளாவிய அமுலாக்கம் முதலில், திருத்தம் பின்னர்.

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் பிரதேச செயலகங்களுடன் இணைந்து, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை ஒவ்வொரு குறிகாட்டியாகப் பரிசீலிக்கலாம். அதற்கு, பெயர், முகவரி நீக்கப்பட்ட தரவுகளை நலன்புரி நன்மைகள் சபை அவர்களுக்கு வழங்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் காரியமல்ல இது.