ஒப்பந்தத்தின் ஆயுளும் பயிரின் ஆயுளும்

உயிரி எரிபொருள் ஆய்வில் பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் கூட்டுச் சேரும்போது இரு தரப்பின் காலக்கணக்கும் ஒத்துப்போவதில்லை. நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். மிஸ்காந்தஸ் புல்லோ, கிழங்கு நட்டு முழு விளைச்சலுக்கு வர மூன்றாண்டு எடுத்துக்கொள்ளும். காட்டாமணக்கும் ஏறத்தாழ அப்படியே. கச்சா எண்ணெய் விலையோ ஆறே மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடக்கூடும். 2007ஆம் ஆண்டில் பிபி எண்ணெய் நிறுவனம் செய்துகொண்ட இரண்டு ஏற்பாடுகள் இந்த முரண்பாட்டை அருகருகே வைத்துப் பார்க்க உதவுகின்றன.

முதலாவது எனர்ஜி பயோசயன்சஸ் இன்ஸ்டிடியூட். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், அர்பானா-ஷாம்பெய்னிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றுடனும் சேர்ந்து பத்தாண்டுகளில் 50 கோடி டாலர் செலவிடப்போவதாக பிபி பிப்ரவரியில் அறிவித்தது. ஆண்டுக்கு 5 கோடி என்ற கணக்கில் 3.5 கோடி, முடிவுகளை வெளியிடத்தக்க திறந்த ஆய்வுக்கு, மீதி 1.5 கோடி நிறுவனத்தின் சொந்த ஆய்வுக்கு. பெர்க்லியில் இதற்கு எதிர்ப்பு வலுத்தது. 1998இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதே பல்கலைக்கழகத்துக்கு 2.5 கோடி டாலர் தந்து, தாவர மற்றும் நுண்ணுயிரியல் துறையின் கண்டுபிடிப்புகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பைப் பெற்றிருந்தது. அந்தச் சர்ச்சை அங்கு அப்போதும் ஆறியிருக்கவில்லை. புதிய ஒப்பந்தம் நவம்பரில்தான் கையெழுத்தானது.

திறந்த பகுதியில் நடந்த வேலைக்கு ஈஸ்ட் ஆய்வு நல்ல சான்று. புல்லையோ வைக்கோலையோ சிதைத்தால் ஒரே வகைச் சர்க்கரை கிடைப்பதில்லை. செல்லுலோஸ் குளுக்கோஸைத் தரும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து பெரும்பாலும் சைலோஸ் வரும். சைலோஸை உண்ணும்படி மாற்றிய ஈஸ்ட்கூடக் குளுக்கோஸ் தீரும்வரை அதை அவ்வளவாகத் தொடாது. நொதிகலனில் நேரம் வீணாகும். பெர்க்லி குழு நியூரோஸ்போரா பூஞ்சையில் செல்லோபயோஸை உள்ளே கடத்தும் புரதத்தைக் கண்டறிந்து ஈஸ்டில் பொருத்தியது. செல்லோபயோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை. செல்லுக்குள் போன பிறகே அது உடைவதால், வெளியே குளுக்கோஸ் தேங்கிச் சைலோஸை மறிப்பதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நொதிக்கின்றன. சைலோஸ் ஈஸ்டில் தேர்ந்த இல்லினாய் குழுவுடன் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2011இல் வெளியானது.

அடுத்த ஆண்டே காற்று மாறியது. ஃப்ளோரிடாவில் ஆண்டுக்கு 3.6 கோடி கேலன் எத்தனால் வடிக்கத் திட்டமிட்டிருந்த ஆலையை பிபி 2012 அக்டோபரில் கைவிட்டது. 2014 நடுவில் பீப்பாய்க்கு 110 டாலரைத் தாண்டியிருந்த பிரென்ட் எண்ணெய், 2015 ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே இறங்கியது. பத்தாண்டு முடியுமுன்பே ஆய்வு நிதி சுருக்கப்பட்டது. ஆனாலும் வெளியான முடிவுகளும் பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் பல்கலைக்கழகங்கள் வசமே நின்றார்கள்.

இரண்டாவது ஏற்பாடு காட்டாமணக்கு. ஆடு மாடு வாய்வைக்காது என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலியோரம் நடப்படும் செடி இது. இலைக்காம்பின் பாலைச் சிறுவர்கள் ஊதிக் குமிழி விடுவார்கள். பயிருக்குரிய ரகத் தேர்வு இதில் பெரிதாக நடந்ததில்லை. 2003இல் இந்தியத் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு, செடிக்கு 1.5 கிலோ விதை, ஹெக்டேருக்கு 2,500 செடி, ஆக 3.75 டன் என்று கணக்கிட்டது. பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் நிறுவனத்துடன் பிபி 2007 ஜூனில் கூட்டு அறிவித்தபோது இலக்கு நான்கு ஆண்டுகளில் 10 லட்சம் ஹெக்டேர். 2009 ஜூலையில் பிபி விலகியது.

தமிழ்நாட்டிலும் காட்டாமணக்கு ஒப்பந்தச் சாகுபடி பரவியது. வறட்சியில் செடி சாகாது என்பது வேறு, வறட்சியில் காய்க்கும் என்பது வேறு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கு விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவருக்கே ஓரளவு கட்டுபடியாகலாம் என்று காட்டியது. காய்கள் ஒருசேரப் பழுக்காததால் பலமுறை பறிக்க வேண்டும். போர்போல் எஸ்டர் நஞ்சு இருப்பதால் புண்ணாக்கு மாட்டுத் தீவனத்துக்கும் ஆகாது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் காட்டாமணக்கை இன்டெஜெரிமா என்ற அலங்காரச் சிற்றினத்தோடு கலந்து புதிய கலப்பினங்கள் உருவாக்கும் ஆராய்ச்சி நடந்தது. நடவுக்கு முன்னே முடிந்திருக்க வேண்டிய வேலை அது; நடவு அதற்குக் காத்திருக்கவில்லை. முந்தைய ஏற்பாட்டில் பணம் சுருங்கியபோது ஆய்வு மட்டும் குறைந்தது. இங்கோ நட்டம் விவசாயியின் நிலத்தில் நின்றது.

காலக்கணக்கு ஒத்துப்போகாத இதே சிக்கல் இன்று நெல் வைக்கோலுக்கும் வந்திருக்கிறது. பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிடப்பட்டது. நெல் அறுத்துக் கோதுமை விதைக்கும் இடைவெளி சில வாரமே; ஆண்டு முழுவதற்குமான கட்டுகளை அதற்குள் சேர்த்தாக வேண்டும். வைக்கோல் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. வயல் மண்ணும் ஒட்டிவந்தால் வெட்டும் கத்தியும் திருகு ஊட்டியும் தேயும். ஈரமாக அடுக்கிய கட்டு உள்ளுக்குள் சூடேறிச் சர்க்கரையை இழக்கும். இவற்றை ஆய்வகத்தின் ஒரு கிலோ மாதிரியில் பார்க்க முடியாது. பல அறுவடைப் பருவங்களின் பதிவு வேண்டும்.

ஆகவே கூட்டு ஒப்பந்தங்களில் நான்கு பிரிவுகள் தெளிவாக எழுதப்பட வேண்டும். காலம் மூலப்பொருளின் முழுச் சுழற்சிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாகுபடிப் பரப்பு, வயல் சோதனையின் விளைச்சல் முடிவைத் தொடர்ந்தே விரிய வேண்டும். வயல், கிடங்குத் தரவுகளும் விதை, நாற்றுத் தொகுப்பும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். நிறுவனம் இடையில் விலகினால் நடப்புப் பருவத்தின் கொள்முதலுக்கும் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்குமான தொகை முன்கூட்டியே தனிக்கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.