எது திருட்டு?

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதாகச் சில கனவான்கள் ஓயாமல் சொல்லி வருகின்றார்கள். 2013-ம் வருஷத்தில் அமெரிக்க சர்க்காரின் சட்டம் என்ன யோக்கியதையில் இருந்தது என்பதைப் பார்ப்போம்.

ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற வாலிபர், ஜேஸ்டோர் என்னும் ஸ்தாபனம் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்து விலைக்குக் கொடுத்துவந்த ஆராய்ச்சி வியாசங்களை லக்ஷக்கணக்கில் பிரதி எடுத்துக்கொண்டார். (இவ்வியாசங்களை எழுதுகின்ற பண்டிதர்களுக்குப் பொதுவாகக் காலணா கூலி கிடையாது என்பது வேறு விஷயம்.) பிரதிகள் திரும்பி வந்தன, வழக்காட இஷ்டமில்லை என்று ஜேஸ்டோரே விலகிக்கொண்டது. சர்க்கார் விட்டதா? எந்த வழியில் எடுத்தாலும் திருட்டு திருட்டுதான் என்றார் சர்க்கார் வக்கீல். 2011-ல் 35 வருஷம் வரை சிறை என்று பயமுறுத்தினார்கள். 2012-ல் குற்றங்களை 13 ஆக்கினார்கள். 2013 ஜனவரியில், விசாரணைக்கு முன்பே, 26-வது வயதில் அவ்வாலிபர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நிற்க, அதே வருஷம் மார்ச்சில், உளவு இலாகாக்களின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றித் தகவல் சேர்க்கின்றீர்களா என்று செனட் கமிட்டியில் கேட்டார்கள். இல்லை, தெரிந்து சேர்க்கவில்லை என்றார். ஜூனில் ஸ்னோடன் வெளியிட்ட தஸ்தாவேஜுகளால், யார் யாரோடு எவ்வளவு நேரம் டெலிபோனில் பேசினார்கள் என்ற கணக்கு தினந்தோறும் சர்க்காருக்குப் போய்க்கொண்டிருந்தது அம்பலமாயிற்று. ஒரு தேசத்தாரின் கணக்கையே கேளாமல் பிரதி எடுத்ததற்கு அந்த வக்கீல் அகராதியில் என்ன பெயர் என்று நாம் கேட்கின்றோம். 2015-ல் அப்பீல் கோர்ட்டே, சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

வெளியிட்ட ஸ்னோடன் மீது வேவுச் சட்டப்படி வழக்கு; அவர் ருஷ்யாவில் தஞ்சம் புகுந்தார். கிளாப்பரோ, தம் பதில் தவறு என்று கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். 35 வருஷம் வேண்டாம், 35 நாளாவது உண்டா? ஒரு நாளும் இல்லை. 2017 ஜனவரி வரை உத்தியோகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.