ஓய்விலே படபடக்கும் நெஞ்சம்

ஓடினவனுக்கு நெஞ்சு துடித்தல் இயல்பு. அதனை எவரும் நோயென்று கொள்ளார். ஆனால் பாயிலே படுத்து விளக்கையும் அணைத்த பின்னர், வெளிப்படையான காரணமொன்றுமின்றி நெஞ்சு படபடவென அடித்துக்கொள்ளுமாயின் அச்சம் பிறக்கின்றது. உழைக்கும்போது வாளாவிருந்த இருதயம் ஓய்ந்திருக்கும்போது துள்ளுவது ஏன் என்னும் வினா, பரீட்சைக் காலத்து நள்ளிரவில் நம் மாணாக்கர் பலர்க்கும் தோன்றுவதே. அதற்கு விடை காண்டலும், அவ்விடை கொண்டு நாம் செய்யக்கடவது யாதெனத் துணிதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

சங்கரன்கோவிலினின்று இராசபாளையம் செல்லும் பெருவழியில் உள்ளது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில் கொண்ட பதி அது. அதிவீரராம பாண்டியர் அந்தாதிகள் பாடிப் போற்றிய திருக்கருவையும் அதுவே. பகலில் வண்டிகளின் இரைச்சலிடையே சாலையில் நிற்பவனுக்குக் கோயில் மணியோசை செவிப்படுதல் அரிது. ஊர் அடங்கிய பின்னரோ, அம்மணி ஒலிப்பின் கடைக்கோடி வீட்டிலும் கேட்கும். மணியின் ஒலி முன்னிருந்தவாறே உளது. இரைச்சல் ஒழிந்தமையால் அது கேட்கின்றது. நெஞ்சின் நிலையும் பெரும்பாலும் இத்தகையதே.

நிமிஷத்திற்கு 70 முறை துடிக்கும் இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 1,00,000 முறை துடிக்கின்றது. அலுவலில் ஆழ்ந்த மனம் அதனைக் கருதுவதில்லை. இரவில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பின், இருதயத்தின் நுனி மார்புச் சுவரை இன்னும் நெருங்குகின்றது. ஆகலின் ஒவ்வோர் அடியும் தெளிவாக உணரப்படும். அன்றியும், இடையிடையே ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்னரே தோன்றிவிடுதல் நலமுடையார் பலரிடத்தும் உண்டு. அதன்பின் சிறிது இடைவெளி நேர்கின்றது. அவ்விடைவெளியில் வழக்கத்தினும் மிகுந்த இரத்தம் இருதய அறையில் நிரம்புதலால், அடுத்த துடிப்பு வலிதாக மோதும். ‘நெஞ்சு ஒருகணம் நின்று பின் குதித்தது’ என்று நாம் அஞ்சுவது பெரும்பாலும் இதனையே. கண்விழிப்பு, காப்பி, தேநீர், புகையிலை, மது, கவலை என்பன இதனை மிகுவிக்கும். மாணாக்கர் விடுதியில் நள்ளிரவுக் காப்பியைக் குறைத்து உறங்கச் செல்வதே சிலருக்குத் தக்க மருந்தாம்.

இவ்வளவே அறிந்து அமைதல் சாலாது. ஓய்விற் படபடத்தல் சில வேளைகளில் வேறு குறைகளின் அறிகுறியுமாகும். காய்ச்சல், உடலில் நீர் குறைதல், தைராய்டுச் சுரப்பு மிகுதல், சில மருந்துகள், இருதயத்தின் மின்னோட்டத்திலேயே நேரும் கோளாறு ஆகிய இவற்றாலும் அது வரும். துடிப்பு முற்றிலும் ஒழுங்கிழந்து நிற்கும் ஒருவகை நோயில், இருதயத்துள் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைத்தலும் உண்டு.

இங்கே எம் கருத்தை வெளிப்படையாகக் கூறுவோம். இப்படபடப்பைப் பற்றி நம்மவரிடை இருவகைப் பிழைகள் நிலவுகின்றன. ஆடவர் சிலர் ஒரு துடிப்பு தவறினும் மரணம் வந்துற்றதென்று நடுங்குகின்றனர். பெண்டிர் அதனைக் கூறுங்காலோ, ‘எல்லாம் பயம், வீண் கவலை’ என்று வீட்டார் அவர் வாயை அடைக்கின்றனர். இவ்விரண்டனுள் பின்னதே கொடியது. 2019–21ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். பிராணவாயுவைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைந்தவிடத்து, அக்குறையை ஈடுசெய்ய இருதயம் ஓய்விலும் விரைந்து உழைக்க நேர்கின்றது. பகல் முழுதும் காட்டிற் களையெடுத்து, அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்டு பாயிற் சாய்ந்த ஒரு தாய், ‘நெஞ்சு அடித்துக்கொள்கிறது’ என்பாளாயின், அவளுக்கு வேண்டுவது ஆறுதல்மொழி மட்டுமோ? இரத்தச் சோதனையும் வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 12 கிராமிற் குறையின் அது சோகையாம். இச்சோதனைக்குப் பெருநகர் செல்லவேண்டுவதில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.

அச்சத்திற்கும் அலட்சியத்திற்கும் நடுவே ஒரு வழி உண்டு. அஃது எண்ணிப் பார்த்தலாம். நாடி பிடித்தல் நம் நாட்டு வைத்தியத்திற்குப் புதிதன்று. பெருவிரலின் அடியில், மணிக்கட்டின்மேல் இரு விரல்களை வைத்து முழுநிமிஷம் எண்ணுக. வயது வந்தவர்க்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. துடிப்பு சீராயுளதா, எத்துணை நேரம் நீடித்தது, முன்னர் உண்டதும் பருகியதும் யாவை எனக் குறித்துக்கொள்க. அக்குறிப்பு வைத்தியர்க்குப் பெருந்துணையாம். இருதயத்தின் மின்னசைவைப் பதியும் முறையை வகுத்தமைக்காக ஹாலந்து தேசத்துப் பேராசிரியர் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் வழக்கமான ஈ.சி.ஜி. சில விநாடிகளையே பதிவு செய்யும். அவ்வமயம் படபடப்பு இல்லையாயின் அதில் ஒன்றும் தோன்றாது. அதனால் நோயாளி பொய் கூறினாரென்று கொள்ளலாகாது. 24 மணி நேரம் பதியும் கருவியும் உண்டு. படபடப்போடு மயக்கமோ, மார்புவலியோ, மூச்சுத்திணறலோ கூடுமாயின் விடியுமளவும் காத்திராது 108ஐ அழைத்தல் வேண்டும். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருப்பின், படபடப்பு சிறிதேயாயினும் வைத்தியரிடம் அதனை மறையாது கூறுக.

அன்பார்ந்த மாணாக்கர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நுங்கள் தாயின் கையைப் பற்றி ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். இரவில் நெஞ்சு படபடப்பதுண்டோவென்று வினவி, அவர் கூறுவதை இடைமறியாது கேளுங்கள். பிறகு சுகாதார நிலையத்திற்கு நீங்களே உடன்சென்று வாருங்கள். கல்லூரியிற் கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படத் தொடங்குதற்கு இதனினும் எளிய வழி இல்லை என்பதே எம் துணிபு.